திருத்தணி இருளர்களின் நோய் மாவட்டக் கணக்கில் ஏன் தெரிவதில்லை? அந்தமானில் நடந்த ஓர் ஆய்வு சொல்லும் பதில்

ஒரு தாலுகாவில் காசநோய் கட்டுக்குள் இருக்கிறது என்று புள்ளிவிவரம் சொல்கிறது. அதே தாலுகாவில், ஏரிக்கரையில் வாழும் ஒரு சின்ன சமூகத்தில் மட்டும் அந்த நோய் மற்றவர்களைவிட மூன்று மடங்கு இருக்கிறது. இந்த ரெண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியுமா?

முடியும். அதுதான் சராசரியின் வேலை. பெரிய எண்ணிக்கைக்குள் சின்ன எண்ணிக்கை கரைந்துவிடும்.

கரைந்துபோனதைத் தேடி எடுப்பவர்தான் எபிடெமியாலஜிஸ்ட், அதாவது நோய்ப்பரவல் ஆய்வாளர். பழங்குடி மக்களிடம் அவர் செய்யும் வேலை என்ன? அதனால் நிஜமாகவே ஏதாவது மாறியிருக்கிறதா? ஆந்திர எல்லையில் இருக்கும் திருத்தணி பகுதி இருளர்களுக்கு இது ஏன் உயிர்ப் பிரச்னை? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

இது புரிந்துகொள்வதற்கான கற்பனைக் கணக்கு மட்டுமே. ஒரு தாலுகாவில் 2 லட்சம் பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் இருளர்கள் 2,000 பேர், அதாவது 1 சதவீதம்.

மற்றவர்களிடம் லட்சத்துக்கு 300 பேருக்குக் காசநோய். இருளர்களிடம் லட்சத்துக்கு 900 என்ற விகிதம், அதாவது மூன்று மடங்கு. இப்போ மொத்த தாலுகாவின் சராசரி என்ன வரும்?

306.

அவ்வளவுதான். ஒரு சமூகத்தில் நோய் மூன்று மடங்கு இருந்தும், மொத்தக் கணக்கு 300-லிருந்து 306-க்குத்தான் நகர்கிறது. ஆட்சியர் அலுவலகக் கூட்டத்தில் இந்த எண்ணைப் பார்க்கும் யாருக்கும் சந்தேகமே வராது.

சரி, மாதிரி ஆய்வு எடுத்தால் தெரியாதா? 100 பேருக்கு ஒருவர் என்று 2,000 பேரைத் தேர்ந்தெடுத்தால், அதில் இருளர்கள் சுமார் 20 பேர்தான் வருவார்கள். அந்த 20 பேரில் ஒரு நோயாளிகூட சிக்காமல் போவதற்கே வாய்ப்பு அதிகம். 'இருளர்களிடம் காசநோய் இல்லை' என்ற தப்பான முடிவுக்குக்கூட வந்துவிடலாம்.

ஆக, சின்ன சமூகத்தை எண்ண வேண்டுமென்றால் தனியாகத்தான் எண்ண வேண்டும். அதுவும் வீடு வீடாக, கிட்டத்தட்ட எல்லாரையும்.

இருளர்கள் எத்தனை பேர்? எங்கே இருக்கிறார்கள்?

தமிழ்நாட்டின் பழங்குடிகளில் மலையாளி சமூகத்துக்கு அடுத்த பெரிய சமூகம் இருளர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் சுமார் 1.9 லட்சம் பேர். மாநிலத்தின் மொத்தப் பழங்குடி மக்கள்தொகையே ஏறத்தாழ 7.95 லட்சம்தான். அது மொத்த மக்களில் 1 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவே.

தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், இருளர் ஆகிய ஆறு சமூகங்களை 'குறிப்பாகப் பாதிப்புக்குள்ளாகும் பழங்குடிக் குழு' என்று மத்திய அரசு வகைப்படுத்தியிருக்கிறது. சுருக்கமாக பிவிடிஜி. நாடு முழுக்க இப்படி 75 சமூகங்கள் இந்தப் பட்டியலில் உள்ளன.

பழங்குடி என்றாலே நீலகிரி, கொல்லிமலை, ஜவ்வாது மலை என்றுதான் பலருக்கும் ஞாபகம் வரும். ஆனால் இருளர்களில் பெரும்பகுதியினர் வட மாவட்டங்களின் சமவெளியில் வாழ்பவர்கள். திருத்தணி, திருவாலங்காடு, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை பக்கம் போனால் ஏரிக்கரை, ஓடைப் புறம்போக்கு, ஊருக்கு வெளியே நாலைந்து குடிசைகள் என்று சிதறி இருப்பார்கள். செங்கல் சூளை, அரிசி ஆலை, கரும்பு வெட்டு, சவுக்கு மற்றும் வேலிகாத்தான் மரம் வெட்டுதல், தோட்டக் காவல் என்று வேலை எங்கேயோ அங்கே போவார்கள்.

முருகன் வள்ளியை மணந்த தலம் என்று போற்றப்படும் ஊர் திருத்தணி. அந்த வள்ளி வேடர் குலத்தில் வளர்ந்த பெண் என்பது கதை. மலைமேல் இருக்கும் கோயிலுக்கு லட்சக்கணக்கில் பக்தர்கள் வருகிறார்கள். மலையைச் சுற்றியிருக்கும் பழங்குடிக் குடியிருப்புகளைத் தேடிப் போகிறவர்கள்தான் குறைவு.

ஆராய்ச்சிக்குப் பஞ்சமில்லாத மாவட்டம்

இதில் ஒரு முரண் இருக்கிறது. உலகின் மிகப் பெரிய காசநோய் ஆய்வுகளில் ஒன்று நடந்தது இந்தப் பக்கத்தில்தான்.

1968-ல் தொடங்கிய பிசிஜி தடுப்பூசி ஆய்வு, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர் பகுதியில் நடந்தது. சுமார் 2.8 லட்சம் பேர் அதில் சேர்க்கப்பட்டார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பிசிஜி தடுக்கவில்லை என்ற அதன் முடிவு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. 15 ஆண்டு தொடர் கண்காணிப்பின் முடிவுகள் 1999-ல் வெளியாகின.

அது தடுப்பூசி வேலை செய்கிறதா என்ற கேள்விக்காகத் திட்டமிடப்பட்ட ஆய்வு. எந்தச் சமூகம் அதிகம் பாதிக்கப்படுகிறது என்பது அதன் கேள்வி அல்ல. கேட்ட கேள்விக்குத்தான் புள்ளிவிவரம் பதில் சொல்லும்.

இதே திருவள்ளூர் மாவட்டத்தில், அம்பத்தூர் பக்கத்தில் அயப்பாக்கத்தில் இருக்கிறது ஐசிஎம்ஆரின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம். ஆவடியில் இருந்த தொழுநோய் கள ஆய்வுப் பிரிவையும், சென்னையில் இருந்த மருத்துவப் புள்ளியியல் ஆய்வு நிறுவனத்தையும் இணைத்து 1999-ல் உருவானது இது. நாடு முழுக்க வேலை செய்யும் எபிடெமியாலஜிஸ்ட்டுகளில் பலர் இங்கே பயிற்சி பெற்றவர்கள்.

இந்த நிறுவனத்தின் இயக்குநர் பொறுப்புக்கு வந்த டாக்டர் மனோஜ் முர்ஹேகர், தன் ஆய்வு வாழ்க்கையின் முக்கியமான ஆரம்ப ஆண்டுகளைச் செலவிட்டது சென்னையில் அல்ல. அந்தமான் நிக்கோபார் தீவுகளில், அங்கிருக்கும் பழங்குடி மக்களிடம்.

அந்தமானில் என்ன நடந்தது?

அந்தமான் பழங்குடிகளின் வரலாறே தொற்றுநோயின் வரலாறுதான். 1858-ல் ஆங்கிலேயர்கள் அங்கே தண்டனைக் குடியேற்றம் அமைத்தார்கள். 1877-ல் தட்டம்மை பரவி, கிரேட் அந்தமானியர்களில் பெரும்பகுதியினர் மடிந்தார்கள். 1961 கணக்கெடுப்பில் அந்தச் சமூகத்தில் மிஞ்சியவர்கள் வெறும் 19 பேர். 1999-ல் ஜாரவாக்களிடமும் தட்டம்மை பரவியது. அந்த நேரத்தில் அவர்களுக்குச் சிகிச்சை அளித்த டாக்டர் ரத்தன் சந்திர கர் 2023-ல் பத்மஸ்ரீ பெற்றார்.

இப்படிப்பட்ட இடத்தில், போர்ட் பிளேரில் இருந்த ஐசிஎம்ஆர் மண்டல ஆய்வு மையத்தில் வேலை பார்த்தவர் முர்ஹேகர். அவரும் சக ஆய்வாளர்களும் தீவுப் பழங்குடிகளிடம் ஹெபடைடிஸ் பி, அதாவது கல்லீரலைத் தாக்கும் வைரஸ், எந்த அளவு இருக்கிறது என்று ரத்தப் பரிசோதனை மூலம் பார்த்தார்கள். முடிவுகள் 2000-ல் வெளியாகின.

நிக்கோபாரி மக்களில் 100-ல் சுமார் 23 பேருடைய ரத்தத்தில் இந்த வைரஸின் அடையாளம் இருந்தது. நாட்டின் பொதுச் சராசரியோ ஒற்றை இலக்கம். ஜாரவாக்களிடம் விகிதம் நிக்கோபாரிகளைவிடவும் அதிகம் என்று 2003-ல் வெளியான ஆய்வு சொன்னது.

இந்த நோயில் ஒரு ஆபத்து உண்டு. குழந்தைப் பருவத்தில் தொற்றினால் பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் இருக்காது. நடுவயதில் கல்லீரல் சுருக்கமோ புற்றுநோயோ வரும்போதுதான் தெரியும். யாரும் 'எனக்கு உடம்பு சரியில்லை' என்று ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார்கள். தேடிப் போய் எண்ணினால் ஒழிய கணக்கில் வராது.

எண்ணியதோடு முடிந்ததா?

இல்லை. கதையின் முக்கியமான பகுதியே இதுதான்.

2000-ஆம் ஆண்டிலேயே கார் நிக்கோபார் தீவின் 2 கிராமங்களில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முன்னோட்டமாகப் போடப்பட்டது. அப்போது இந்தத் தடுப்பூசி நாட்டின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில்கூட இல்லை. சில இடங்களில் முன்னோட்டமாக அது சேர்ந்ததே 2002-ல்தான், நாடு முழுக்க வந்தது 2011 வாக்கில். தடுப்பூசி போட்டுக்கொண்ட நிக்கோபாரிகளை ஆய்வாளர்கள் விட்டுவிடவில்லை. இடையில் 2004 சுனாமி கார் நிக்கோபாரைப் புரட்டிப் போட்டது. ஆனாலும் பல ஆண்டுகள் கழித்தும் தொடர் பரிசோதனைகள் நடந்தன. தடுப்பூசி பாதுகாப்பு தருவதை அவை உறுதிப்படுத்தின.

எண்ணினார்கள், என்ன தேவை என்று தெரிந்தது, அதைக் கொடுத்தார்கள், வேலை செய்ததா என்று மறுபடி போய்ப் பார்த்தார்கள். ஒரு எபிடெமியாலஜிஸ்ட்டின் வேலை இந்த நான்கு படிகளும் சேர்ந்ததுதான். முதல் படியோடு நின்றால் அது வெறும் ஆய்வுக் கட்டுரை.

முர்ஹேகரின் பிற்கால வேலைகளிலும் இதே பாணி தெரியும். கோரக்பூரில் ஆண்டுதோறும் குழந்தைகளைப் பலிவாங்கிய மூளைக் காய்ச்சலில், ஸ்க்ரப் டைபஸ் என்ற பூச்சிக்கடிக் காய்ச்சலுக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்று காட்டிய ஆய்வுகளில் அவர் குழுவும் உண்டு. சாதாரண ஆன்டிபயாடிக் மாத்திரைக்கே கட்டுப்படும் நோய் அது. 2020-ல் கொரோனா எவ்வளவு பேருக்கு வந்து போயிருக்கிறது என்று பார்க்க நடந்த முதல் தேசிய ரத்த ஆய்வுக்கும் அவர்தான் முதன்மை ஆய்வாளர்களில் ஒருவர்.

எண்ணியதால் மாறிய இடம், எண்ணியும் மாறாத இடம்

மகாராஷ்டிராவின் கட்சிரோலியில் டாக்டர் அபய் பங்கும் டாக்டர் ராணி பங்கும் 1986-ல் 'சர்ச்' அமைப்பைத் தொடங்கினார்கள். கோண்டு பழங்குடிகள் வாழும் மாவட்டம் அது. ஒவ்வொரு பிறப்பையும் ஒவ்வொரு இறப்பையும் கிராமத்திலேயே பதிவு செய்தார்கள். பிறந்து ஒரு மாதத்துக்குள் ஆயிரத்துக்கு 62 குழந்தைகள் இறப்பது அதில் தெரிந்தது.

கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, பச்சிளம் குழந்தைகளை வீட்டிலேயே கவனிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். மூன்றாவது ஆண்டில் இறப்பு ஆயிரத்துக்குச் சுமார் 25 ஆனது. 1999-ல் லான்செட் இதழில் இந்த முடிவு வந்தது. இன்று ஆஷா பணியாளர்கள் வீட்டுக்கு வந்து பச்சிளம் குழந்தையைப் பார்க்கும் திட்டத்துக்கு இதுதான் விதை.

தமிழ்நாட்டிலும் உதாரணம் உண்டு. தருமபுரி மாவட்டம் சிட்டிலிங்கியில் டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா தம்பதி 1990-களின் தொடக்கத்தில் வேலையை ஆரம்பித்தபோது, அங்கே சிசு மரணம் ஆயிரத்துக்கு 147. உள்ளூர் பழங்குடிப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாக்கி, அதைப் பல மடங்கு குறைத்தார்கள்.

மறுபக்கம் பார்த்தால், மத்தியப் பிரதேசத்தின் சஹரியா பழங்குடிகள். ஷியோப்பூர் மாவட்டத்தில் நடந்த ஆய்வு, இவர்களில் லட்சத்துக்கு 1,518 பேருக்கு நுரையீரல் காசநோய் இருப்பதாக 2010-ல் சொன்னது. அதே மாநிலத்தின் பைகா பழங்குடிகளிடம் அது லட்சத்துக்கு 146. ரெண்டுமே பிவிடிஜி சமூகங்கள், ஆனால் பத்து மடங்கு வித்தியாசம். அதனால்தான் 'பழங்குடி' என்று ஒரே பெட்டியில் போட்டு எண்ணுவதும் போதாது.

சஹரியாக்களை எண்ணிய ஆய்வுகளுக்குக் குறைவில்லை. ஆனாலும் காசநோய் அவர்களை விட்டுப் போகவில்லை. ஏன்? பசியும் நெருக்கடியான குடிசையும் அப்படியே இருக்கும்போது மருந்து மட்டும் போதாது.

இதை ஜார்க்கண்டில் நடந்த 'ரேஷன்ஸ்' ஆய்வு எண்களோடு காட்டியது. காசநோயாளியின் வீட்டில் இருப்பவர்களுக்கு மாதாமாதம் கூடுதல் உணவுப் பொருள் கொடுத்தபோது, அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. 2023-ல் வெளியான முடிவு இது. அரிசியும் பருப்பும் தடுப்பு மருந்து மாதிரி வேலை செய்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் தேவையில்லை.

சரி, திருத்தணிக்கு வருவோம்: எல்லை என்ன செய்கிறது?

திருத்தணி 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி. தலைமையிலான எல்லைப் போராட்டத்தின் பலனாக, எல்லை மாற்றச் சட்டத்தின் மூலம் தமிழ்நாட்டுக்கு வந்தது. மாநில எல்லை நகர்ந்தது. ஆனால் எல்லையின் ரெண்டு பக்கமும் வாழும் கூலி மக்களின் நடமாட்டம் நிற்கவில்லை. நகரி, புத்தூர் பக்கம் வேலை இருந்தால் அங்கே போவார்கள், இங்கே சூளை தொடங்கினால் இங்கே வருவார்கள்.

இதுல மூணு சிக்கல் இருக்கு.

முதலாவது, அடையாளம். பழங்குடிப் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அரசியல் சட்டத்தின் 342-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் வாழும் யானாதிகள் ஆந்திராவின் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. அங்கே பழங்குடியாக எண்ணப்படும் ஒரு யானாதி குடும்பம் இங்கே வந்தால், அந்தப் பத்தியில் வராது. இருளர்களுக்கோ சாதிச் சான்று என்பது கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடையாய் நடக்கும் விஷயம். சான்று இல்லாதவர் எந்தப் பத்தியில் எழுதப்படுவார்?

இரண்டாவது, காலம். சாதாரண காசநோய்க்கே குறைந்தது 6 மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும். செங்கல் சூளை வேலையோ மழை ஓய்ந்து தொடங்கி, அடுத்த மழைக்கு முன் முடியும். முன்பணம் வாங்கிய குடும்பம், சிகிச்சை பாதியில் இருக்கிறது என்பதற்காகக் கிளம்பாமல் இருக்க முடியாது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-ல். ஆனால் வட மாவட்டங்களில் அரிசி ஆலை, சூளை, மரம் வெட்டும் இடங்களிலிருந்து இருளர்கள் மீட்கப்படும் செய்தி அதற்குப் பிறகும் தொடர்ந்து வந்திருக்கிறது. ஆலைக்குள் அடைபட்டவர் சளிப் பரிசோதனைக்கு எப்படிப் போவார்?

மூன்றாவது, இடம். பழங்குடிகளுக்கான பல திட்டங்கள் அவர்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதிகளைக் குறிவைத்தவை. தமிழ்நாட்டில் அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையின் கீழ் வரும் பகுதி ஒன்றுகூட இல்லை. அபய் பங் தலைமையிலான நிபுணர் குழு 2018-ல் வெளியிட்ட பழங்குடி சுகாதார அறிக்கை இதைத்தான் சுட்டிக்காட்டியது. நாட்டின் பழங்குடிகளில் பாதிக்கும் மேற்பட்டோர், பழங்குடியினர் பெரும்பான்மையாக இல்லாத பகுதிகளில் வாழ்கிறார்கள். திருத்தணி இருளர்கள் இந்தக் கணக்கில்தான் வருவார்கள்.

தேசிய அளவில் என்ன தெரியும்?

சென்னையில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் நாட்டின் பல மாநிலப் பழங்குடிகளிடம் நடத்திய ஆய்வு 2021-ல் வெளியானது. லட்சத்துக்கு 432 பேருக்கு நுரையீரல் காசநோய் என்றது அது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய காசநோய்க் கணக்கெடுப்பில் பொதுமக்களிடம் வந்த எண் 312. ரெண்டு ஆய்வும் ஒரே முறையில் நடந்தவை அல்ல என்பதால் நேரடியாகக் கழித்துப் பார்க்கக் கூடாது. ஆனால் திசை எது என்பதில் சந்தேகமில்லை.

பாம்புக்கடி சொல்லும் பாடம்

இருளர்கள் என்றால் பலருக்கும் நினைவு வருவது பாம்பு. 1978-ல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், நாட்டின் விஷமுறிவு மருந்துக்குத் தேவையான விஷத்தில் பெரும்பங்கைக் கொடுக்கிறது. இந்தச் சமூகத்தின் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

பாம்புக்கடி மரணத்தின் கணக்கு ரொம்ப நாள் தப்பாகவே இருந்தது. ஆஸ்பத்திரிப் பதிவில் வந்தது சிறு பங்குதான். வழியிலேயே இறந்தவர்கள், வீட்டிலேயே இறந்தவர்கள் எந்தப் பதிவிலும் இல்லை. இறப்பு நடந்த வீடுகளுக்கே போய், என்ன நடந்தது என்று கேட்டு எழுதி ஆராய்ந்தபோதுதான், ஆண்டுக்கு ஏறத்தாழ 58,000 பேர் பாம்பு கடித்து இறக்கிறார்கள் என்ற மதிப்பீடு 2020-ல் வந்தது.

அதன் பிறகு அரசின் பார்வையும் மாறியது. 2024 மார்ச்சில் மத்திய அரசு பாம்புக்கடிக்கான தேசியச் செயல்திட்டத்தை அறிவித்தது. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு, பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. ஆஸ்பத்திரியில் காத்திருந்து எண்ணாமல் வீடு தேடிப் போய் எண்ணியதால் வந்த மாற்றம் இது.

எண்ண வருபவரை மக்கள் ஏன் நம்ப வேண்டும்?

இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது. யானாதிகளில் ஒரு பகுதியினர் பிரிட்டிஷ் ஆட்சியில் குற்றப் பரம்பரைப் பட்டியலில் வைக்கப்பட்டவர்கள். அவர்களைப் பொறுத்தவரை பெயரை எழுதிக்கொள்ள வந்தவர்கள் நல்லதுக்கு வந்ததில்லை. இருளர்கள் மீது பொய்த் திருட்டு வழக்கு போடப்படும் கொடுமையை 2021-ல் வெளியான 'ஜெய் பீம்' படம் ஊர் முழுக்கக் கொண்டு போனது. அப்படியிருக்க, நோட்டும் பேனாவுமாக ஒருவர் குடிசை வாசலில் வந்து நின்றால் பயம் வருவது இயல்பு.

ஆய்வாளர்களும் நம்பிக்கையைக் கெடுத்ததுண்டு. அமெரிக்காவின் அரிசோனாவில் ஹவாசுபாய் பழங்குடிகளிடம் சர்க்கரை நோய் ஆய்வு என்று சொல்லி எடுத்த ரத்தம், அவர்களுக்குத் தெரியாமல் வேறு ஆய்வுகளுக்கும் பயன்படுத்தப்பட்டது. அவர்கள் வழக்குப் போட்டார்கள். 2010-ல் பல்கலைக்கழகம் இழப்பீடு கொடுத்து, மிச்சமிருந்த ரத்த மாதிரிகளையும் திருப்பிக் கொடுத்தது.

ஆகவே, எதற்கு எண்ணுகிறோம் என்று அவர்கள் மொழியில் சொல்வது, முடிவை முதலில் அவர்களிடமே சொல்வது, நோய் தெரிந்தால் சிகிச்சைக்கு வழி செய்வது ஆகிய மூன்றும் இல்லாமல் பழங்குடி ஆய்வு இல்லை. கட்சிரோலியிலும் சிட்டிலிங்கியிலும் வேலை நடந்ததற்குக் காரணம், வாசலில் நின்றவர் அதே ஊர்ப் பெண்ணாக இருந்ததுதான்.

இப்போது கையில் என்ன இருக்கிறது?

வழியே இல்லை என்று சொல்ல முடியாது.

2023 நவம்பரில் தொடங்கிய பிஎம் ஜன்மன் திட்டத்தில் பிவிடிஜி சமூகங்களுக்கு வீடு, சாலை, குடிநீரோடு நடமாடும் மருத்துவ வாகனமும் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பரிசோதிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். காசநோயாளிகளுக்கான 'நிக்ஷய்' இணையப் பதிவு நாடு முழுக்க ஒன்றுதான். திருத்தணியில் பதிவானவர் நகரிக்குப் போனாலும் அந்த எண்ணை வைத்துச் சிகிச்சையைத் தொடர முடியும். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாயாக இருந்த உதவி, 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய் ஆகியிருக்கிறது. ஆனால் அதுக்கு வங்கிக் கணக்கு வேணும்.

2022 ஏப்ரலில் தமிழ்நாடு தொடங்கிய 'காசநோய் இறப்பில்லா திட்டம்' இன்னொரு நல்ல முன்மாதிரி. அயப்பாக்கம் நிறுவனத்தின் ஆய்வாளர்களோடு சேர்ந்து உருவான திட்டம் இது. காசநோய் உறுதியானதும் மூன்று விஷயங்களைப் பார்ப்பார்கள்: உடல் கடுமையாக மெலிந்திருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா. ஆபத்து தெரிந்தால் உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். இதுக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். எடை மெஷினும் ஆக்சிமீட்டரும் இருந்தால் போதும்.

இதோடு இருளர் குடியிருப்புகளுக்காகச் சேர வேண்டியவை சில. மாவட்டக் காசநோய்ப் பதிவில் இருளர்களுக்குத் தனியாக ஒரு பத்தி, அந்த எண்ணை ஆண்டுதோறும் வெளியிடுவது, சூளைக்குக் கிளம்பும் முன் மாத்திரையும் மாற்றுப் பதிவும் கைக்குக் கொடுப்பது, இருளர் பெண்களையே சுகாதாரத் தன்னார்வலர்களாக நியமிப்பது, திருத்தணி மற்றும் நகரி பக்கத்துச் சுகாதார அலுவலர்கள் மாதம் ஒருமுறை பட்டியலை ஒப்பிட்டுக்கொள்வது. இதில் எதற்கும் புதுச் சட்டம் தேவையில்லை.

அடுத்து கவனிக்க வேண்டியது

நாட்டின் அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐ அடிப்படைத் தேதியாக வைத்து நடக்கிறது. 16 ஆண்டுகளுக்குப் பிறகு இருளர்களின் எண்ணிக்கை புதிதாகத் தெரியவரும். நோயாளிகள் எத்தனை பேர் என்பது மேலே எழுதும் எண் என்றால், மொத்தம் எத்தனை பேர் என்பது கீழே எழுதும் எண். கீழே இருக்கும் எண் தப்பானால் மேலே எவ்வளவு சரியாக எண்ணினாலும் விகிதம் தப்பாகத்தான் வரும்.

கணக்கெடுப்பு நாளில் சூளையிலும் மரம் வெட்டும் காட்டிலும் இருக்கும் குடும்பங்களைத் தேடி யாராவது போவார்களா என்பதுதான் இப்போதைய கேள்வி. மார்ச் மாதம் சூளைகள் முழு வீச்சில் எரியும் காலம். ஏரிக்கரைக் குடிசைகள் பலவும் அப்போது பூட்டித்தான் கிடக்கும்.